புனல் வடிகட்டிய குரல்

என்ரிகோ கரூசோ என்று பேச்சை எடுத்தால், இசை வரலாறு தெரிந்தவர்கள் ஒரு தீர்ப்பைத் தயாராக வைத்திருப்பார்கள். நல்ல பாடகர்தான், ஆனால் அவர் புகழில் பாதி கிராமபோனுக்குச் சேர வேண்டியது. குரலைத் தட்டில் பிடிக்கும் கருவி கடைக்கு வந்த நேரமும் அவர் உச்சிக்கு ஏறிய நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. இருபது வருடம் முன்னால் பிறந்திருந்தால் பத்தோடு பதினொன்றாகப் போயிருப்பார் என்பது அந்தத் தீர்ப்பு. தேதிகளைப் பார்த்தால் நியாயமாகத்தான் படுகிறது. 1873இல் நேப்பிள்ஸில் பிறந்து, 1921இல் அதே ஊரில் 48 வயதில் இறந்தவர் அவர். தட்டு வியாபாரம் தவழத் தொடங்கி நிமிர்ந்து நின்ற இருபது வருடமும் அவர் வாழ்வின் பிற்பாதியில் வந்து விழுகிறது. ஆனால் அவருடைய தட்டுகளை வரிசைப்படி வைத்துக் கேட்டால் இந்தத் தீர்ப்பைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்து ஒலிப்பதிவுக் கருவி எந்தப் பாடகருக்கும் சலுகை காட்டவில்லை. அவரிடம் இருந்ததில் பெரும்பகுதியைப் பிடுங்கிக்கொண்டு, மிச்சத்தை மட்டும் தட்டில் விட்டது. அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டே ஒரு முழுப் பாத்திரத்தை, ஒரு முழு மனிதனைக் கேட்பவர் முன் நிறுத்த கரூசோவால் முடிந்தது. எப்படி முடிந்தது என்று தேடினால், விடை அவர் பாடிய முறையில்தான் கிடைக்கிறது.

கருவி என்ன செய்தது என்று முதலில் பார்த்துவிடலாம். மைக் ஒலிப்பதிவுக்கு வந்தது 1925இல், கரூசோ இறந்து நான்கு வருடம் கழித்து. அவர் பாடிய காலம் முழுவதும் பதிவு என்றால் ஒரு புனல்தான். பாடகர் அதன் அகன்ற வாயை நோக்கிப் பாடுவார். குறுகிய முனையில் இருக்கும் மெல்லிய தகடு அதிரும். அந்த அதிர்வில் ஊசி அசைந்து, சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கீறும். நடுவில் ஒலியைப் பெருக்க ஒன்றும் கிடையாது. மெழுகைக் கீறும் விசை முழுவதும் பாடகரின் மூச்சிலிருந்தே வர வேண்டும். ஓங்கிய ஸ்வரம் வரும்போது பின்னுக்கு நகர வேண்டும், இல்லாவிட்டால் பதிவு சிதறிவிடும். மெல்லிய இடத்தில் புனலை ஒட்டி முகத்தைக் கொண்டுபோக வேண்டும். வயலினின் ஒலி போதாமல், அதற்கே ஒரு குழாய் பொருத்திய ஸ்ட்ரோ வயலினை வாசிக்க வைத்தார்கள். டபுள் பாஸ் பதியாததால் அதன் இடத்தில் ட்யூபா ஊதினார்கள். பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் நாலரை நிமிடத்துக்கு மேல் இடமில்லை. வெட்டி ஒட்டும் வசதியும் இல்லை. கடைசி வரியில் தொண்டை கரகரத்தால் அந்த மெழுகைத் தள்ளிவிட்டு முதலிலிருந்து பாட வேண்டியதுதான்.

இவை அசௌகரியங்கள், பழகினால் சமாளிக்கலாம். பறிபோனவற்றைத்தான் சமாளிக்க முடியாது. ஓபரா பாடகர் மைக் இல்லாமல் ஒரு பெரிய வாத்தியக் குழுவைத் தாண்டி மூவாயிரம் பேருக்குக் கேட்கிறார் என்றால் அது வெறும் கத்தலால் நடப்பதில்லை. பயின்ற குரலில் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு கூர்மை திரண்டு நிற்கும். வாத்தியங்களின் ஒலி அந்த இடத்தில் மெலிந்துவிடுவதால் அந்தக் கூர்மை தனியே பிரிந்து காதுக்கு வந்து சேர்கிறது. குரலில் மணி இருக்கிறது என்று நாம் சொல்வது இதைத்தான். டெனர் பாடகரின் முதல் ஆயுதமும் அதுவே. ஆண்குரலில் உச்சத்தில் இருப்பது டெனர். அதற்குக் கீழே பாரிடோன், அடியில் பாஸ். புனலோ சுமார் 2,500, 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை அநேகமாகத் தொடுவதே இல்லை. ஆக டெனரின் மணியோசையில் பெரும்பங்கை அது வாசலிலேயே நிறுத்திவிடும். அத்தோடு அரங்கின் எதிரொலி போயிற்று. உடலும் உடையும் கைவீச்சும் போயின. மிக மெல்லியதற்கும் மிக ஓங்கியதற்கும் இடையே உள்ள தூரம் சுருங்கிப்போயிற்று. மிஞ்சுவது நான்கு: சுருதி, ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குக் குரல் நகரும் விதமான இழை, சொல்லின் தெளிவு, மூச்சின் நீளம்.

டெனரின் சுரநிலை புனலுக்குத் தோதாக அமைந்தது, பெண்குரலும் ஆழ்ந்த பாஸும் அதைவிட மோசமாகப் பதிந்தன என்று ஒரு மறுப்பு உண்டு. உண்மைதான். ஆனால் அந்தத் தோது எல்லா டெனர்களுக்கும் பொதுவாயிற்றே. வெர்டியின் ‘ஓதெல்லோ’ 1887இல் மிலானில் அரங்கேறியபோது தலைப்புப் பாத்திரத்தை முதலில் பாடிய ஃப்ரான்செஸ்கோ தமாஞோ 1903இல் தட்டுகளுக்குப் பாடினார். கேட்டால், ஏதோ ஒரு பிரம்மாண்டம் சுவருக்கு அப்பால் நடக்கிறது என்று மட்டும் தெரிகிறது. உள்ளே நுழைய முடிவதில்லை. நேப்பிள்ஸின் ஃபெர்னாந்தோ தெ லூச்சியா ஏராளமாகப் பதிந்தார். ஒவ்வொரு வரியையும் இழைத்து, நகாசு செய்து, மெலிந்து மெலிந்து மறையும் அந்தப் பாணியை ரசிப்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் அவர் குரலின் வேகமான நடுக்கத்தைப் புனல் பெரிதாக்கிக் காட்ட, பழகாத காதுக்கு அது தடையாகிவிடுகிறது. அலெசாந்த்ரோ போஞ்சி நளினமானவர். தட்டில் அந்த நளினம் இளைத்துப்போய்க் கேட்கிறது. ஜொவானி ஜெனதெல்லோ கரூசோவைப் போலவே அடர்ந்த குரல்காரர், பாரிடோனாகத் தொடங்கியவர், அவரும் பதிந்தார். புனல் எல்லாருக்கும் திறந்திருந்தது. காலமும் எல்லாருக்கும் ஒன்றே. பிறகு அதிர்ஷ்டம் ஒருவரை மட்டும் தேடிப் போயிற்று என்று சொல்வது காரணம் சொல்வதாகாது.

கரூசோவின் முதல் பெரிய பதிவு நடந்த சூழலும் இதற்குச் சாட்சி. 1902 மார்ச்சில் மிலானின் லா ஸ்காலா அரங்கில் ஃப்ராங்கெத்தியின் ‘ஜெர்மானியா’ அரங்கேறியது, கதாநாயகன் கரூசோ. அவரைக் கேட்ட ஃப்ரெட் கெய்ஸ்பெர்க், கிராமபோன் கம்பெனிக்காக ஊர் ஊராகக் கருவியைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர், பத்துப் பாட்டுக்கு நூறு பவுண்டு பேசினார். தொகை அதிகம், பதியாதே என்று லண்டனிலிருந்து தந்தி வந்ததாகவும், அதைப் பொருட்படுத்தாமல் பதிந்துவிட்டதாகவும் பிற்பாடு எழுதியிருக்கிறார். ஏப்ரலில், வெர்டி முந்தைய வருடம் உயிர்விட்ட அதே ஹோட்டலின் ஓர் அறையில், ஒரு பியானோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரே அமர்வில் பத்தும் முடிந்தன. இங்கே கவனிக்க வேண்டியது இதுதான்: கம்பெனி கரூசோவை உருவாக்கவில்லை. ஜொர்தானோவின் ‘ஃபெதோரா’ 1898 நவம்பரில் மிலானில் அரங்கேறியபோதே அவர் பெயர் ஏறிவிட்டது. 1900 டிசம்பரில் நடத்துநர் தொஸ்கானீனியின் கீழ் லா ஸ்காலாவில் ‘லா பொஹேம்’ பாடிவிட்டார். மேடையில் விலைபோன குரலைத் தேடித்தான் கருவி வந்தது. தட்டு ஒரு விளையாட்டுச் சாமான், பெரிய பாடகருக்கு அது இழுக்கு என்று பலர் ஒதுங்கியிருந்த நேரம் அது. கரூசோவின் தட்டுகள் விற்ற பிறகுதான் அந்தக் கூச்சம் விலகியது.

மேடையில் விலைபோன அந்தக் குரலும் பிறவியிலேயே முழுசாகக் கிடைத்ததல்ல. பட்டறைத் தொழிலாளியின் மகன் அவர். சிறுவயதில் தானும் பட்டறையில் வேலை கற்றவர். முதல் ஆசிரியர் குல்யெல்மோ வெர்ஜினே இந்தக் குரலில் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. 1895 மார்ச்சில் நேப்பிள்ஸின் தெயாத்ரோ நுவோவோ அரங்கில் முதல் மேடை. அதன் பிறகும் சில வருடங்கள் தார ஸ்தாயியில் குரல் உடைந்துகொண்டிருந்தது. வின்சென்சோ லொம்பார்தியிடம் போய்த்தான் மேல் ஸ்வரங்களுக்கு வழி கண்டார். கடைசிவரை உச்ச ‘ஸி’ அவருக்குச் சுலபமான சொத்தாக இருந்ததில்லை. ‘லா பொஹேம்’ முதல் அங்கத்தின் தனிப்பாடலைப் பலமுறை அரைச்சுருதி இறக்கியே பாடினார். மேல் ஸ்வரத்தை வீசி எறிந்து கைதட்டு வாங்கும் பாக்கியம் இல்லாதவர், அந்த ஸ்வரத்துக்குப் போகும் பாதையைச் செப்பனிட்டார். மார்புக்குரல் தலைக்குரலாக மாறும் இடம் டெனருக்கு ஆபத்தான மடிப்பு. பலரது குரலில் அந்த இடத்தில் ஒரு தையல் தெரியும். மேலே போனதும் வேறு ஆள் பாடுகிறமாதிரி இருக்கும். கரூசோ அந்த மடிப்புக்குச் சற்று முன்பிருந்தே உயிரெழுத்தை இருளச் செய்து, வாயைக் குவித்து, குரலை மூடிக்கொண்டு ஏறுகிறார். கீழ் நிறம் அப்படியே மேலே போகிறது. மணியோசையைப் புனல் பறித்துக்கொண்டாலும் இந்த நிறத்தை அதனால் பறிக்க முடியவில்லை. இல்லாமையிலிருந்து கற்ற வித்தை, இல்லாமை மிகுந்த கருவிக்கு முன்னால் கைகொடுத்தது.

இதை ஒரே பாட்டில் நெருங்கிக் கேட்கலாம். தொனிஸெத்தியின் ‘லெலிஸீர் தாமோரே’யில் வரும் ‘உனா ஃபூர்திவா லாக்ரிமா’, தான் விரும்பும் பெண்ணின் கண்ணில் ஒரு துளி நீர் ததும்பியதைப் பார்த்துவிட்ட கிராமத்து வாலிபனின் பாட்டு. விக்டர் கம்பெனிக்காக 1904 பிப்ரவரியில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் ஓர் அறையில் கரூசோ இதைப் பாடினார். பியானோ மட்டும் துணை. இரண்டு சரணமும் இரண்டு தட்டில். அவசரமே இல்லை. ஒரு வரி முடியும் இடத்தில் தாளம் அவருக்காகக் காத்திருக்கிறது. அடுத்த வரியைச் சற்று விரைந்து எடுத்து அந்தக் கடனை அடைக்கிறார். ஸ்வரம் தொடங்கும்போது இருந்த பருமன் முடியும்போது நூலாகிவிடுகிறது, ஆனால் அறுபடுவதில்லை. அந்த மெலிவிலும் சுருதி இம்மிகூட இறங்குவதில்லை. கடைசியில் வாத்தியம் ஓய்ந்து குரல் மட்டும் தனியே உலவும் இடத்தில் பிருகாக்களை உருட்டி ஏறி இறங்கும்போது, ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்கிறது, ஆனாலும் எல்லாம் ஒரே மூச்சின் நீட்சியாக இருக்கிறது. 1911இல் இதே பாட்டை வாத்தியக் குழுவோடு மறுபடி பதிந்தார். ஏழு வருடத்தில் குரல் பருத்து, அடர்ந்து, ஒரு வாலிபனின் பாட்டுக்குச் சற்றுக் கனமாகவே ஆகிவிட்டது. கருவி அதிகம் மாறவில்லை, மாறியது பாடகர். ஆனால் இழையும் காத்திருப்பும் கடைசித் தனி உலாவும் இந்தக் கனத்திலும் நிற்கின்றன. நகாசு தெரியாமல் வெறும் வலிமையை நம்பியவர் என்று இவரைச் சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும்.

எதிர்த்திசையில் ஓர் உதாரணம், லெயோன்கவல்லோவின் ‘பல்யாச்சி’யில் வரும் ‘வெஸ்தி லா ஜூப்பா’. மனைவி துரோகம் செய்தது தெரிந்த கணத்தில், கோமாளி வேஷம் கட்டிக்கொண்டு கூட்டத்தைச் சிரிக்க வைக்கப் போக வேண்டிய கூத்தாடியின் பாட்டு. 1902இலும் 1904இலும் பியானோவோடு பதிந்ததை, 1907இல் வாத்தியக் குழுவோடு மூன்றாம் முறையாகப் பதிந்தார். உலகம் அறிந்த கரூசோ இந்தத் தட்டின் கரூசோதான். அழுகையும் ஆவேசமும் நிறைந்த பாட்டு என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் முதல் பாதியில் அவர் எவ்வளவு குறைவாகச் செலவழிக்கிறார் என்பதைக் கவனித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. பேச்சும் பாட்டுமான முன்பகுதியில் தனக்குத்தானே முணுமுணுக்கிறார், ஒரு வறட்டுச் சிரிப்பு சிரிக்கிறார், அவ்வளவுதான். பாட்டு தொடங்கியதும் வரிகளைச் சமமாக, ஏற்ற இறக்கத்தை அடக்கி, வேஷத்தின் பொத்தானை ஒவ்வொன்றாகப் போடும் நிதானத்தில் வைக்கிறார். உச்சத்துக்கு ஏறும்போது ஸ்வரத்தை அடித்துப் பிடிப்பதில்லை. முந்தைய ஸ்வரத்திலிருந்தே குரலைப் பெருக்கிக்கொண்டு போய் அங்கே சேர்கிறார். புனலால் சிறுசுக்கும் பெரிசுக்கும் உள்ள தூரத்தைக் காட்ட முடியாது என்று பார்த்தோம். சத்தத்தால் காட்ட முடியாத அந்தத் தூரத்தை அவர் நிறத்தால் காட்டுகிறார்: சாம்பல் பூத்த தொடக்கம், உச்சத்தில் எரிவது, இறங்கும்போது மறுபடி சாம்பல். நடிப்பு முழுவதும் சாரீரத்துக்குள்ளேயே நடந்துவிடுவதால் முகம் தெரியாததை யாரும் உணர்வதில்லை.

அந்தச் சாரீரம் இருபது வருடத்தில் எப்படி இருண்டது என்பதும் தட்டுகளிலேயே வரிசையாக இருக்கிறது. 1902இல் கேட்பது தேன் நிறத்து இளங்குரல். 1909இல் குரல் நாணில் வந்த ஒரு முடிச்சுக்கு மிலானில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு அடி ஸ்தாயியின் கனம் கூடிக்கொண்டே போகிறது. 1913இல் ஃபிலடெல்ஃபியாவில் ‘லா பொஹேம்’ நடந்துகொண்டிருந்தபோது, பாஸ் பாடகர் ஆந்த்ரெஸ் தெ செகுரோலாவுக்குத் தொண்டை அடைத்துவிட, பழைய மேலங்கிக்கு விடை சொல்லும் அவருடைய பாட்டைக் கரூசோவே சபைக்கு முதுகைக் காட்டி நின்று பாடிக் காப்பாற்றினார். 1916இல் அதைத் தட்டிலும் பாடி வைத்தார். விற்பனைக்கு அது அவர் காலத்தில் வரவில்லை. 1914இல் பாரிடோன் தித்தா ரூஃபோவோடு ‘ஓதெல்லோ’வின் சபத இருவர் பாட்டைப் பதிந்தார். இரண்டு குரலில் எது டெனர் எது பாரிடோன் என்று ஒரு கணம் திகைக்க வைக்கும் தட்டு அது. இவ்வளவு இருந்தும் முழு ‘ஓதெல்லோ’வை அவர் கடைசிவரை மேடையில் பாடவில்லை. குரல் தன்னால் அடர்ந்த வேகத்துக்கு ஏற்பப் பாத்திரங்களை ஏற்றாரே தவிர, பாத்திரத்துக்காகக் குரலை அடித்துக் கனக்க வைக்கவில்லை. இயற்கை தந்த நிறம், இதில் பாடகரின் திறமை எங்கே என்று கேட்பவருக்கு இதுதான் பதில். நிறம் இயற்கையாக இருக்கலாம். அதை இருபது வருடம் கெடுக்காமல் வளர்த்தது அவருடைய கணக்கு.

அந்தக் கணக்கின் கடைசிப் பக்கம் 1920 செப்டம்பரில், நியூஜெர்ஸியின் கேம்டனில். ஹலேவியின் ‘லா ஜுயீவ்’ ஓபராவில் வரும் யூதப் பொற்கொல்லன் எலெயஸார், தான் வளர்த்த பெண்ணைச் சாவுக்கு ஒப்புக்கொடுப்பதா காப்பதா என்று தவிக்கும் பாட்டை அப்போது பதிந்தார். இந்த வேஷத்தை முந்தைய வருடம்தான் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அரங்கில் முதன்முதலாகக் கட்டியிருந்தார். பாட்டு நீளமான வரிகளால் ஆனது; மூச்சுக் குறைந்தால் உடைந்துவிடும். இளமையின் பளபளப்பு முழுசாகப் போய்விட்ட குரல், ஆனால் வரி வளைவதில்லை. முதிய தகப்பனின் உடல் எடை ஸ்வரத்தில் இருக்கிறது. சில மாதத்தில் அந்த மூச்சே நின்றுபோனது. டிசம்பர் 11 அன்று ப்ரூக்ளினில் ‘லெலிஸீர் தாமோரே’ பாடும்போது தொண்டையில் ரத்தம் வந்து, முதல் அங்கத்தோடு நாடகம் நிறுத்தப்பட்டது. அதன் பிறகும் மேடையேறினார். டிசம்பர் 24 அன்று இதே எலெயஸார் வேஷத்தில் மெட்ரோபாலிடனில் பாடியதே கடைசி. நுரையீரல் உறையில் சீழ் கட்டிப் பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு, 1921 ஆகஸ்ட் 2 அன்று உயிர் பிரிந்தது.

இந்தத் தட்டுகளை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாமா என்பதே அடுத்த மறுப்பு. பாதியைத் தின்றுவிட்ட கருவி சொல்வதை எப்படி நம்புவது? நியாயமான சந்தேகம். ஆனால் கருவி எதைத் தின்றது, எந்தத் திசையில் பிசகும் என்று நமக்குத் தெரியும். கூர்மையைக் குறைத்துக் காட்டுமே தவிர, இல்லாத இழையை உண்டாக்கிக் காட்டாது. சுருதி சுத்தத்தையும் மூச்சின் நீளத்தையும் கடன் கொடுக்காது. தவிர, நாம் ஒப்பிட்டது பெரும்பாலும் கரூசோவைக் கரூசோவோடு, ஒரே வகைக் கருவியில். பிழை இரண்டு பக்கமும் இருப்பதால் வித்தியாசம் உண்மையாகிறது. இழந்ததை மீட்கும் முயற்சிகளும் நடந்தன. 1930களில் புதிய வாத்தியக் குழுவை மின்பதிவு செய்து பழைய குரலின்மேல் ஏற்றிப் பார்த்தார்கள். பக்கவாத்தியம் தடித்ததே ஒழிய, குரல் அப்படியேதான் இருந்தது. 1976இல் தாமஸ் ஸ்டாக்ஹாம் கணிப்பொறியைக் கொண்டு புனலின் சொந்த அதிர்வு குரலில் ஏற்றிய திரிபை மட்டும் கணக்கிட்டு நீக்கி, ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்காக ஒரு தட்டு வெளியிட வழிசெய்தார். டிஜிட்டல் முறையில் பழைய ஒலியைச் செப்பனிடுவதில் முன்னோடி முயற்சி அது. திரை விலகியபோது உள்ளே இருந்தவர் வேறு ஆளாக மாறிவிடவில்லை. முன்பு கேட்ட குணங்களே இன்னும் கிட்டத்தில் கேட்டன.

கடைசி மறுப்பு கனமானது. அதைச் சுலபமாகத் தள்ள முடியாது. கரூசோவின் வெற்றி ஒரு பழைய பண்பாட்டைச் சாகடித்தது என்கிறார்கள். தெ லூச்சியா தலைமுறையின் நளினம், வரிக்கு வரி புதிதாக இழைக்கும் சுதந்திரம், மெல்லிய குரலின் மரியாதை எல்லாம் அவருக்குப் பிறகு வந்த டெனர்களிடம் தேய்ந்துபோயின. அடர்ந்த நிறம், ஓங்கிய உச்சம், இடையிடையே ஒரு விம்மல் என்று சூத்திரமாகிவிட்டது. நேப்பிள்ஸ் இதை முதலிலேயே மோப்பம் பிடித்ததோ என்னவோ. 1901 டிசம்பரில் சான் கார்லோ அரங்கில் ‘லெலிஸீர் தாமோரே’ பாட வந்த சொந்த ஊர்ப் பிள்ளைக்கு எதிர்பார்த்த வரவேற்பு கிடைக்கவில்லை. அந்தப் பருவம் முடிந்த பிறகு அவர் அந்த ஊர் மேடையில் பாடவே இல்லை. பழைய பாணியின் காதுக்கு அந்தக் குரலில் ஏதோ கரடுமுரடாகப் பட்டிருக்கும். ஆனால் பின்வந்தவர்கள் எடுத்துக்கொண்டது விம்மலை மட்டும். அதற்கு முன்னால் இருந்த சிக்கனத்தை விட்டுவிட்டார்கள். 1907 தட்டில் அந்த உருக்கம் வேலை செய்வதற்குக் காரணம், முன்பகுதி முழுக்க அதை அடக்கிவைத்திருப்பதுதான். 1904 தட்டில் நளினம் சாகவில்லை, வேறு உடலில் குடியேறியிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் மறுப்பை ஏற்க வேண்டும். அவர் மாதிரி இன்னொரு வழியும் இருக்கலாம் என்ற எண்ணமே அடுத்த தலைமுறைக்கு வராதபடி அவர் தட்டுகள் ஊரெங்கும் ஒலித்தன. பாணிகளின் பன்மை சுருங்கியதில் அந்த வெற்றிக்குப் பங்கு உண்டு. அது கேட்டவர்களின் சோம்பலுக்கும் வியாபாரத்துக்கும் எதிரான குற்றச்சாட்டு. பாட்டின் மீது அது ஒட்டவில்லை. 1921இல் நேப்பிள்ஸில் கரூசோவின் இறுதிச் சடங்கில் பாடியவர் அறுபது கடந்த தெ லூச்சியா. பழைய பாணியின் தலைமகன் எதிரிக்குப் பாட வந்திருக்க மாட்டார்.

வியாபாரம் என்றதும் இன்னொன்றும் சொல்வார்கள். தொனிஸெத்தியின் ‘லூசியா’ ஓபராவில் வரும் அறுவர் பாட்டை ஒரு பக்கம் மட்டும் பதித்து ஏழு டாலருக்கு விற்றார்கள். 1918இல் கரூசோ போர்ப் பிரசாரப் பாட்டுவரை பாடினார். நேப்பிள்ஸ் தெருப்பாட்டையும் ஓபராவையும் ஒரே கூடையில் போட்டார் என்று. போட்டார்தான். ஆனால் ‘ஓ சோலே மீயோ’வை அவர் பாடும்போது இழையிலும் சொல்லின் தெளிவிலும் எலெயஸாருக்குக் காட்டிய அதே கவனம் இருக்கிறது. எளிய பாட்டுக்கு எளிய உழைப்புப் போதும் என்று அவர் நினைத்ததற்குத் தட்டில் தடயம் இல்லை. கடினமான பாட்டில் மட்டும் தெரியும் திறமையைவிட, இது தேர்ந்த கலைஞனுக்கு நம்பகமான அடையாளம்.

புதிதாகக் கேட்க வருபவர் கீறல் சத்தத்தைக் கண்டு பின்வாங்க வேண்டாம். 1904, 1907, 1911, 1920 என்று நான்கு பதிவுகள் போதும். இரண்டாம் முறை கேட்கும்போது காது கீறலை விலக்கிக்கொள்ளும். கரூசோவுக்குப் பிறகு வந்த பெரிய டெனர்கள் மைக்கையும் நாடாவையும் பெற்றார்கள். குரலை அருகே கொண்டுவர, பெருக்க, பிசகை வெட்டியெடுக்க வசதி வந்தது. அவர்களில் மகத்தானவர்கள் உண்டு, குரல் வளத்தில் அவரை மிஞ்சியவர்களும் உண்டு. ஆனால் அலங்காரங்களை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, சுருதி, இழை, சொல், மூச்சு என்ற நான்கை மட்டும் கொண்டு நாலரை நிமிடத்துக்குள் ஒரு பாத்திரத்தை உயிர்ப்பித்துக் காட்டு என்ற கட்டாயம் அவர்களில் பலருக்கு வரவில்லை. சத்தம் கூடினால் உணர்ச்சி கூடிவிடும் என்ற நம்பிக்கை ஒலிபெருக்கியின் காலத்தில் வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. அது பொய் என்று காட்ட, சத்தத்தைக் கூட்டும் வழியே இல்லாத கருவியில் பதிந்த இந்தத் தட்டுகளைவிடச் சிக்கனமான சாட்சி கிடையாது.